அடைப்புக்குறிக்குள் தண்ணீர்

கள்ளிக்குப்பம்,
மே 4

அன்பும் மரியாதையும் உள்ள நாகேந்திரன் மாமாவுக்கு,

பவ்யா எழுதுவது. அம்மாவின் முட்டிவலி தவிர இங்கு எல்லாம் நலம். உங்கள் நலமும் அத்தையின் நலமும் அறிய ஆவல். உங்கள் மகள் ஷர்மிளா நலமாகத்தான் இருப்பாள், அதை நான் விசாரிக்க வேண்டியதில்லை.

மே தினத்தன்று அம்பத்தூர் எஸ்டேட் கேட்டில் அவள் பேசிய பேச்சு நான் எழுதியது. சங்கச் செயலாளர் நீங்கள், உங்களுக்கே தெரியும். "உலகத் தொழிலாளர் கீதத்தோட வரலாறை அஞ்சு நிமிஷம் சொல்லும்மா, நம்ம குடும்பத்துல டிகிரி முடிச்ச மொத ஆளு நீதானே" என்று மைக்கை முதலில் என்னிடம்தான் நீட்டினீர்கள். தொண்டை கட்டிவிட்டது என்றேன். பொய் என்று தெரிந்தும் இன்னொரு முறை கேட்காமல் என் தாளோடு மைக்கை அவளிடம் கொடுத்துவிட்டீர்களே மாமா! பாரிஸில் தொழிலாளர் ஆட்சி வீழ்ந்தபோது அந்தப் பாட்டு எழுதப்பட்டதையும், பல வருடம் கழித்து ஒரு மரவேலைத் தொழிலாளி மெட்டுப் போட்டதையும், அது தன் மெட்டு என்று அவருடைய சொந்தத் தம்பியே கோர்ட்டில் நின்றதையும் நூலகத்தில் உட்கார்ந்து தேடியவள் நான். தம்பி கதையை அவள் படித்தபோது எனக்கு அழுகையே வந்தது. பக்கத்திலிருந்தவர்கள் வர்க்க உணர்வு என்று நினைத்துக்கொண்டார்கள்.

பாட்டு தொடங்கும் இடத்துக்கு முன், எனக்கு மூச்சு வாங்குமே என்று, அடைப்புக்குறிக்குள் "இங்கே நிறுத்தி ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும்" என்று எழுதி வைத்திருந்தேன். மகராசி அதையும் உரக்கப் படித்தாள். எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள் என்று என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. கூட்டம் மொத்தமும் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்து, எழுந்து நின்று, கையை உயர்த்திப் பாடியது. முன்வரிசையிலிருந்த ஜம்புலிங்கம் அண்ணன், "இன்னாம்மா, பாரிஸ்லயும் தண்ணி குட்ச்சிட்டுதான் பாடுவாங்களா?" என்றார். "ஆமாண்ணே, அதான் மொற" என்கிறாள், கூசாமல்! நேற்று ஆவடி கூட்டத்திலும் குடித்துவிட்டுத்தான் பாடினார்களாம். கீதத்துக்கு ஒரு புது வழக்கத்தையே உண்டாக்கியவள் நான். மரியாதைக்குப் போட்ட சிவப்புத் துண்டோ அவள் தோளில்.

ஆகவே கரையான்சாவடி கூட்டத்தில் நானே பேசுவேன். என் தாளை அவள் தொடவும் கூடாது. இதுவே முடிவு.

அத்தைக்கு என் வணக்கம். சர்க்கரை மாத்திரையை மறக்காமல் போடுங்கள்.

உங்கள் அக்கா மகள்,
பவ்யா

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடுங்கள் மாமா. காலையில் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்த்தேன். "தோழர்களே" என்பதற்குள் குரல் போய்விட்டது. ஷர்மிளாவே படிக்கட்டும். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். தண்ணீர் வரிக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் இன்னொரு வரி சேர்த்திருக்கிறேன்: "இதை எழுதிய பவ்யா கடைசி வரிசையில் பச்சைச் சுடிதாரில் இருக்கிறாள், கை தட்டவும்." நீங்கள் அதை அடித்துவிடாமல் இருந்தால் போதும். அவள் எதையும் விடாமல் படிப்பவள்.