கேட்டால்தான் பந்து

"வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே பைக்ல ஏறிர்றேன்."

"நானா போகச் சொன்னேன்? போகத் தெரிஞ்சவளுக்கு வரத் தெரியாதா?"

தேவாரத்தில், மாமியார் வீட்டு வாசலில், அமானுல்லாவும் அவர் மனைவி சாபிராவும் கடைசியாகப் பேசிக்கொண்டது அவ்வளவுதான். பைக்கின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த மகள் அப்ரின் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அமானுல்லா வண்டியைக் கிளப்பினார். மகளோடு உத்தமபாளையத்து வீட்டுக்குத் திரும்பினார்.

சண்டைக்குக் காரணம் நோன்புக் கஞ்சி. நோன்பு திறக்க வந்த விருந்தாளிகள் முன்னால், "இது கஞ்சியா, கழனித்தண்ணியா?" என்று கேட்டுவிட்டார். விருந்தாளிகள் சிரித்தார்கள். சாபிராவும் சிரித்தாள். மிச்ச நோன்புக்கெல்லாம் குறையில்லாமல் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தாள். பெருநாள் முடிந்த மறுநாள் பஸ் ஏறிவிட்டாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் ஹோட்டல் இட்லிதான். பல நாள் கூடத்து விளக்கைப் போடக்கூடத் தோன்றாமல் அடுப்படி வெளிச்சத்திலேயே சாப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்துக்காக அத்தா அமானுல்லாவோடு தங்கிவிட்ட அப்ரின், எதையும் கேட்பதை நிறுத்திவிட்டாள். சட்னி தீர்ந்தால் வெறும் இட்லியைத் தின்றாள். செருப்பு அறுந்தபோது ஊக்கு குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள்.

பயந்துபோன அமானுல்லா, அவளைக் கால்பந்து கோச் வைகுண்டராஜிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"வாயே தொறக்க மாட்டேங்குறா சார். ஒரே பிடிவாதம்."

"ஆட விடுங்க பாய், குணம் தன்னால மாறும். தோத்தாலும் போய்க் கை குலுக்கணும். தப்புப் பண்ணினா ஒத்துக்கிறணும். பந்து வேணும்னா வாயத் தொறந்து கேக்கணும். கேக்குறது ஒண்ணும் கேவலமில்லைன்னு பிள்ளைகளுக்கு இங்கனதான் புரியும்." வைகுண்டராஜ் அப்ரினைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "ஆமா, இந்தப் பிடிவாதம் யாரு வழி?"

"அவங்கம்மா வழி," என்றார் அமானுல்லா, யோசிக்காமல்.

அப்ரின் எல்லாம் கற்றுக்கொண்டாள். தோற்றால் முதல் ஆளாகப் போய்க் கை குலுக்கினாள். தப்புச் செய்தால் கையைத் தூக்கினாள். பந்து மட்டும் கேட்கமாட்டாள். காலுக்கு வந்தால் யாருக்கும் விடமாட்டாள். வராவிட்டால் ஓரமாக நின்றுகொண்டே இருப்பாள்.

இன்று ஆட்டம் தேவாரத்தில். மலையை மேகம் மூடிக் கிடந்தது, தூறல் விட்டபாடில்லை. எதிர்ப்பக்கம் கறுப்புக் குடைக்கடியில் சாபிரா நிற்பதை அமானுல்லா வந்ததுமே பார்த்துவிட்டார். பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார். அவர் மனசுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அப்ரின் ஒரு கோல் போட்டால் போதும். பெற்றவள் தானாக ஓடி வருவாள். யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

அப்ரினோ வழக்கம்போல ஓரத்தில் நின்றாள்.

"ஏம்மா ஓவியா! அங்கன அப்ரின் சும்மா நிக்கிறா பாரு! அவளுக்குக் குடு!"

வாழைக்காய் மண்டியில் ஏலம் கூவிப் பழகிய அமானுல்லாவின் குரல். பந்தோடு ஓடிக்கொண்டிருந்த அப்ரினின் அணித் தோழி ஓவியா திடுக்கிட்டுத் திரும்பினாள். அதற்குள் தேவாரத்துப் பெண் ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டு போய் கோல் போட்டுவிட்டாள்.

வைகுண்டராஜ் ஒரு டப்பாவோடு வந்தார். "ரூல் தெரியும்ல பாய்?"

சத்தம் போடுகிற பெற்றோர், ஆட்டம் முடியும்வரை ஒரு முழு நெல்லிக்காயை வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். அமானுல்லா முகம் சுளித்தபடி வாங்கிப் போட்டுக்கொண்டார்.

வாய்தான் அடைபட்டது, கை சும்மா இருக்கவில்லை. தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து, அப்ரின் இருந்த பக்கமாக வீசு வீசென்று வீசினார். கோட்டு நடுவர்தான் கொடி காட்டுகிறார் என்று நினைத்து ஓவியாவின் அணி மொத்தமும் நின்றுவிட்டது. தேவாரம் நிற்கவில்லை. இரண்டாவது கோல்.

ஏற்கெனவே ஒரு கன்னம் உப்பியிருந்த ஓவியாவின் அப்பா வேலுச்சாமி, பேச முடியாமல் அமானுல்லாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். நடுவர் வந்து துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

கொஞ்ச நேரத்தில் பந்து அவர் காலடிக்கே உருண்டு வந்தது. தூரத்தில் அப்ரின் தனியாக நின்றாள். எதிரே ஒருவரும் இல்லை. அமானுல்லாவால் தாங்க முடியவில்லை. ஓங்கி ஓர் உதை விட்டார். பந்து அசையவில்லை. சேற்றில் வழுக்கி மல்லாக்க விழுந்தவரின் தொண்டையில் நெல்லிக்காய் போய் மாட்டிக்கொண்டது.

விசில் ஊதி ஆட்டம் நின்றது. வைகுண்டராஜ் ஓடிவந்து முதுகில் அறைந்தார். நாலாவது அறையில் நெல்லிக்காய் தெறித்து வெளியே விழுந்தது. அமானுல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது, எதிரே தண்ணீர் பாட்டிலோடு சாபிரா மூச்சிரைக்க நின்றாள். மைதானத்தின் நடுவில் அவள் குடை கவிழ்ந்து கிடந்தது.

"மொதல்ல குடிங்க."

குடித்தார். இளைத்துப்போயிருந்தாள். அவர் சட்டைச் சேற்றை முந்தானையால் துடைக்கப் போனவள், பாதியில் கையை இழுத்துக்கொண்டாள்.

"சரி, நான் வர்றேன்."

திரும்பி நடந்தாள். எல்லாப் பிள்ளைகளும் அவரைச் சுற்றி நிற்க, அப்ரின் மட்டும் அதே ஓரத்தில், இருந்த இடத்தைவிட்டு அசையாமல், அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாபிரா."

நின்றாள்.

"அன்னைக்கு... கஞ்சி நல்லாத்தான் இருந்துச்சு."

"இதச் சொல்லத்தான் விழுந்தீகளா?"

அமானுல்லா சேற்றில் கையூன்றி எழுந்தார். மண்டியில் ஏலம் கேட்கிறவர்கள் மற்றவர்கள். அவர் உயரத்தில் நின்று கூவுகிறவர். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. அவள் மறுபடி நடக்கத் தொடங்கினாள்.

"வா சாபிரா," என்றார். "வீட்டுக்கு வா. நீ இல்லாம எங்களால முடியல."

ஓவியா இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, ஓரத்தில் நின்றவளைப் பார்த்துக் கத்தினாள்:

"ஏ அப்ரின்! உங்கத்தா கேட்டுட்டாகடி! 'அவுக கேக்குற வரைக்கும் நானும் எதையும் கேக்க மாட்டேன்'னு சொன்னேல்ல, இப்பக் கேளு பந்தை!"