கம்பியின் தடிமன், கூடக்குறைய

ஒரு காட்டில் மேல்நிலைப் பள்ளி ஒன்று இருந்தது. காட்டுக்கு எதற்குப் பள்ளி என்று கேட்கிறவர்கள், நாட்டுக்கு எதற்கு என்று முதலில் சொல்லிவிட்டு வரட்டும்.

அன்றைக்கு அங்கே பிளஸ் டூ இயற்பியல் செய்முறைத் தேர்வு. முப்பது மார்க்கு. பதினைந்துக்குக் கீழே போனால் வருஷமே போச்சு. தேவாங்குக் கூட்டத்தில் பிளஸ் டூ வரைக்கும் வந்த முதல் தலை ஒன்று அங்கே உட்கார்ந்திருந்தது. அதற்கு வந்த கேள்வி, திருகு அளவியால் ஒரு கம்பியின் தடிமனைக் கண்டுபிடிப்பது. பக்கத்து மேசையில் கீரிக்கும் அதே கேள்விதான்.

கீரி கம்பியைத் தொடக்கூட இல்லை. மூன்றே நிமிஷத்தில் ஐந்து ரீடிங் எழுதி, சராசரி 0.46 மில்லிமீட்டர் என்று கோடு போட்டு முடித்துவிட்டது.

"அளக்காமலே எப்படிடா?" என்றது தேவாங்கு.

"விடையை முதல்ல எழுதணும். அப்புறம் ரெண்டு கூட்டி, ரெண்டு குறைச்சுப் போட்டா ரீடிங் தன்னால வரும். எங்க அண்ணன் ரெக்கார்டுல 0.46. எங்க அக்கா ரெக்கார்டுலயும் 0.46. நீ என்ன புதுசா கிழிக்கப் போறே?"

தேவாங்குக்கோ நேர்மை என்கிற வியாதி. போதாததற்கு அவ்வளவு பெரிய கண். ஐந்து இடத்தில் அளந்தது. கருவியிலேயே இருக்கிற சுழிப்பிழையைக் கழித்தது. 0.92 வந்தது. பயந்துபோய் மறுபடி அளந்தது. மறுபடியும் 0.92. கூடினால் 0.93, குறைந்தால் 0.91. அப்படியே 0.92 ± 0.01 என்று எழுதித் தொலைத்தது.

லேப் அட்டெண்டர் மந்தி எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டது. "அடப்பாவி, நிஜமாவே அளந்துட்டியா? பழைய கம்பி அறுந்து ஆறு வருஷமாச்சு. இது வேலி கட்டின கம்பியில மிச்சம். எவனும் அளக்க மாட்டான்னுதானே வெச்சேன்!"

அதற்குள் வெளிப்பள்ளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் உடும்பு மேசைக்கு வந்துவிட்டது. பிடித்தால் விடாத ஜாதி. கையில் விடைச் சீட்டு, அதில் 0.46.

"தப்பு. பதினொண்ணு போடறேன்," என்றது.

"சார், கம்பியே மாறிப்போச்சு சார். நீங்களே ஒரு தடவை அளந்து பாருங்க."

"அளக்கறதுக்கா என்னை அனுப்பியிருக்காங்க? காலையிலேர்ந்து அறுபது பேர் 0.46 எழுதியிருக்கான். நீ சரின்னா அத்தனை பேரும் ஃபெயில். ஆறு வருஷமா இதுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். அப்ப நான் யாரு?"

உடும்பு பதினொன்று போடக் குனிந்து, சட்டென்று நிமிர்ந்தது.

"இதென்ன, கூட்டலுக்குக் கீழே கழித்தல்?"

"பிழை சார். நிஜ அளவு இதுக்குக் கூடக்குறைய இருக்கலாம்னு அர்த்தம்."

"கூடக்குறையவா!" உடும்பின் நாக்கு வெளியே வந்து உள்ளே போனது. "அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? எவ்வளவு கூடக்குறைய?"

"0.01 சார்."

"இவ்வளவு இறுக்கிப் பிடிச்சா எப்படி? கொஞ்சம் விட்டுக்கொடு."

"0.05?"

"கட்டாது."

"0.20 சார். அதுக்கு மேல போனா அளந்ததுக்கே அர்த்தம் இல்ல."

"அர்த்தத்துக்கு மார்க்கு கிடையாது. 0.46 உள்ளே வருதா, அதை மட்டும் பாரு."

தேவாங்கு பதினொன்றை நினைத்தது. பதினைந்தை நினைத்தது. 0.01ஐ அடித்துவிட்டு 0.92 ± 0.50 என்று எழுதியது. அதாவது, கம்பி 0.42 இருக்கலாம், 1.42 இருக்கலாம். எலிவாலாகக்கூட இருக்கலாம்.

"இப்பத்தான் விஞ்ஞானம்! விடை உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துடுச்சு பாரு," என்று முப்பதுக்கு முப்பது போட்டது உடும்பு.

கீரிக்கு இருபத்தெட்டு. அது எகிறிக் குதித்தது. "சார், என் விடைதான் சீட்டுல அப்படியே இருக்கே! ரெண்டு மார்க்கு எங்கே சார்?"

"உன் தாள்ல பிழையே இல்லையேடா," என்றது உடும்பு. "பிழை இல்லாதவனுக்கு எப்படி முழு மார்க்கு போடறது?"

நீதி: உள்ளதை அளந்து சொன்னால் பதினொன்றுதான். ஊரார் பொய் முழுக்க உள்ளே அடங்குகிற மாதிரி உன் பிழையைப் பெரிதாக்கிக்கொள். முதல் மார்க்கு உனக்கே.