குற்றவாளி என்று ஒரு சான்றிதழ்

"நல்லாத் தேடிப் பாரு, டார்லீன். என் பேர்ல ஒரு குற்றம்கூடவா இல்ல?"

"ஒண்ணும் இல்லைங்க. வண்டியை வேகமா ஓட்டினதுக்குக்கூட இல்ல."

"அது எப்படி இல்லாமப் போகும்? ஜெயில்ல இருந்தவன் நான்!"

ட்ரம்லி மாவட்ட நீதிமன்றத்தின் எழுத்தர் டார்லீன், மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கி எல்டன் ப்ரோகாப்பைப் பார்த்தாள். அந்தச் சன்னலுக்கு வருகிறவர்கள் எல்லாம் 'கடவுளே, ஒன்றும் இருக்கக் கூடாது' என்று வேண்டிக்கொண்டு வருகிறவர்கள். மகளின் புதுச் சிநேகிதனைப் பற்றி விசாரிக்க வரும் அம்மாக்கள், பண்ணை வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள், துப்பாக்கி வாங்கப் போகிறவர்கள். குற்றம் இல்லை என்று சொன்னதற்காகச் சண்டைக்கு நின்ற முதல் ஆள் எல்டன்தான்.

அவருக்கு அது கௌரவப் பிரச்சினை. நாற்பது வருடங்களுக்கு முன், நெப்ராஸ்காவில் பாதிப் பண்ணைகள் ஏலத்துக்குப் போன காலத்தில், எல்டனின் நிலத்தையும் பேங்க் எடுத்துக்கொள்ளப் பார்த்தது. எல்டன் என்ன செய்தார்? ஒரு வண்டி நிறையச் சாணத்தைக் கொண்டுபோய் பேங்க் வாசலில் கொட்டினார். ஷெரிஃப் பிடித்துக்கொண்டு போனார். ராத்திரி முழுக்கச் சிறை. மறுநாள் விடுதலை. அடுத்த வாரமே பேங்க் கடனுக்குத் தவணை கொடுத்துவிட்டது.

"பயந்துட்டானுங்க!" என்று எல்டன் அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். "ஷெரிஃபுக்கே நடுக்கம். ஜெயில்ல எனக்குக் காலையில என்ன குடுத்தாங்க தெரியுமா? ஆப்ரிகாட் பழம் வச்ச கொலாச்சி பன்னு! சூடா! எந்தக் கைதிக்குக் கிடைக்கும் அந்த மரியாதை?"

இப்போது அவர் மாவட்ட ஆணையர் தேர்தலில் நின்றார். எதிரி இப்போதைய ஆணையர் கர்ட்டிஸ் வான்ஸ், அந்தப் பழைய பேங்க் மேனேஜரின் மகன். கர்ட்டிஸ் மறுபடி ஜெயித்தால் வடக்கு ஓடையின் மரப்பாலத்தை மூடிவிடுவான். மூடினால் வடக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் அத்தனை பேரும் கோதுமை லாரியை ஊரைச் சுற்றி ஓட்ட வேண்டியதுதான். ஆம்புலன்ஸும் அப்படியே. எல்டனுக்கும் அவர் மனைவி லூவெல்லா ப்ரோகாப்புக்கும் ஓடைக்கு அந்தப் பக்கம்தான் வீடு.

வேட்புமனு கொடுக்கும் கடைசி நாளை எல்டன் வீம்புக்குத் தவற விட்டிருந்தார். "என்னை யாருன்னு தெரியாதா? எதுக்கு மனு?" ஆகவே ஓட்டுச் சீட்டில் அவர் பெயர் அச்சாகவில்லை. அடியில் இருக்கும் காலிக் கோட்டில் ஜனங்களே கையால் எழுத வேண்டும். ஊர் முழுக்க அட்டை நட்டிருந்தார்: 'பாலம் வேண்டுமா? ப்ரோகாப் என்று எழுதுங்கள்.'

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கர்ட்டிஸ் வாரப் பத்திரிகையில் ஒரு பேட்டி கொடுத்தான். "ஜெயிலாவது மண்ணாவது! எங்க அம்மா பேங்க் வாசல்ல வச்சிருந்த ரோஜாத் தோட்டத்துக்கு அவர் எரு கொண்டுவந்து போட்டார். அந்த வருஷம் ரோஜா நல்லாப் பூத்துச்சு. ஜெயிலுக்குப் போனவர்னா ஆதாரத்தைக் காட்டட்டும்."

எல்டன் அதைப் படித்துவிட்டுக் காபிக் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் கைப்பிடி தனியாக வந்துவிட்டது.

"விட்டுத் தள்ளு, எல்டன்," என்றாள் லூவெல்லா. "பாலத்தைப் பத்திப் பேசு. ரிப்பேருக்கு மாநில நிதி வந்து கிடக்கு, கர்ட்டிஸ் கேக்காம விட்டுட்டான். போன கூட்டத்துலயே நான் சொன்னேன்."

ஆணையர் கூட்டம் ஒன்றுகூட அவள் விடுவதில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவாள்.

"நிதியாம் நிதி! என் மானம் போகுது, நீ ரிப்பேரைப் பத்திப் பேசுற!"

அப்படித்தான் அவர் நீதிமன்றச் சன்னலுக்கு வந்து சேர்ந்தார்.

"கம்ப்யூட்டர்ல பழசெல்லாம் ஏறலைங்க," என்றாள் டார்லீன். "அதெல்லாம் கீழ்த்தளத்துல புஸ்தகமா இருக்கு. அதையும் பாத்துடலாம்."

இருவரும் இறங்கினார்கள். தூசியில் எல்டனுக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. ப்ரோகாப் வரவேண்டிய இடத்தில் ஒரு பன்றித் திருடனும், மனைவியின் தங்கையை ஏரியில் தள்ளிய ஒருவனும் இருந்தார்கள். எல்டன் இல்லை.

டார்லீனுக்கு மனசு இளகிவிட்டது. பாவம், பெரியவர் வெறுங்கையோடு போகிறாரே என்று ஒரு நல்ல தாளில் 'எல்டன் ப்ரோகாப் மீது குற்றம் எதுவும் இல்லை' என்று அடித்து, முத்திரையும் குத்திக் கொடுத்தாள். அதோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வாரமும் பத்திரிகைக்குப் போகும் நீதிமன்றச் செய்திகளில், நாயை அவிழ்த்து விட்டவனுக்கு அபராதம் என்பதற்கும் ஒரு விவாகரத்துக்கும் நடுவில் அதையும் சேர்த்துவிட்டாள்.

கர்ட்டிஸ் அதைக் கத்தரித்துத் தன் அலுவலகக் கதவில் ஒட்டினான்.

"மடியில கனம் இருந்தாத்தான் வழியில பயம்னு சொல்வாங்க," என்று எல்டன் வீட்டில் கத்தினார். "என் மடியில கனம் இருக்குடி! அதைக் காட்டத்தான் வழி தெரியல!"

"கத்தாதே. சாப்பிடு."

அடுத்து ஷெரிஃப் அலுவலகம். இப்போதைய ஷெரிஃப் ட்ராவிஸ் சின்ன வயசுக்காரன், மரியாதை தெரிந்தவன்.

"பழைய ஜெயில் பதிவெல்லாம் வெள்ளத்துல போச்சுங்க. ஆனா கைரேகை எடுத்து மாநிலப் போலீசுக்கு அனுப்பினா, இந்த மாநிலத்துல எங்க எப்ப பிடிபட்டிருந்தாலும் வந்துடும்."

"எடு! பத்து விரலையும் எடு!"

எடுத்தான். அந்த மை சோப்புக்குப் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. கருத்த விரல்களோடு எல்டன் காபிக் கடைக்குப் போய்க் கோப்பையைத் தூக்கினார். கடை கப்சிப் என்று ஆனது. ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து அவர் வெளியே வந்ததை ஏற்கெனவே பார்த்தவர்கள் இருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அன்று சாயங்காலத்துக்குள் லூவெல்லாவின் சமையலறைக்குக் கோழியும் நூடுல்ஸும் வேகவைத்த பாத்திரங்கள் வரத் தொடங்கின. அந்த ஊரில் சாவு, அறுவைச் சிகிச்சை, புருஷன் கைது, மூன்றுக்கும் அதே பதார்த்தம்தான்.

"தைரியமா இரு, லூவெல்லா," என்று தேவாலயத்துப் பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "என்ன பண்ணாருன்னு நாங்க கேக்க மாட்டோம்." கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

கர்ட்டிஸ் பெருந்தன்மையாக, "அவருக்காக வேண்டிக்கிறேன்," என்று மேடையில் சொன்னான். எல்டனுக்கு ரத்தம் கொதித்தது. குற்றம் செய்ததை யாரும் நம்பவில்லை. செய்யாததை எல்லாரும் நம்பினார்கள்!

மாநிலப் போலீசிலிருந்து பதில் வந்தது. இந்த ரேகைக்காரர் மேல் ஒன்றும் இல்லையாம்.

எல்டன் நேராக ட்ராவிஸிடம் போனார். "சரி, இப்ப என்னைக் கைது பண்ணு. திரும்பவும் பேங்க் வாசல்ல சாணம் கொட்டுறேன். வண்டி ரெடி."

"அய்யோ, நம்ம ஜெயிலை மூடி எவ்வளவு நாளாச்சுங்க! கைதியை எல்லாம் பக்கத்து மாவட்டத்துல வாடகைக்கு வைக்கிறோம். உங்களுக்காக நான் செலவுக் கணக்கு எழுதினா ஆணையர் கூட்டத்துல என்னைக் கிழிச்சிடுவாங்க."

"யாரு கிழிப்பா?"

"உங்க வீட்டம்மாதாங்க. பின்னிக்கிட்டே கேப்பாங்க."

கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பியதுதான் மிச்சம். எல்டன் லாரியில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி யோசித்தார். உண்மையைச் சொன்னால் அவருக்கு அழுகை வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை எதிர்த்து நின்றார். அந்த ஒரு ராத்திரியும் நடக்கவே இல்லை என்றால் அவர் யார்? சும்மா ஒரு கோதுமைக்காரர். அப்போதுதான் ஓபல் டிங்மனின் நினைவு வந்தது.

ஓபல் அந்தக் கால ஷெரிஃபின் மனைவி. அப்போதெல்லாம் ஜெயிலும் ஷெரிஃப் வீடும் ஒரே கட்டடம். முன்பக்கம் குடும்பம், பின்பக்கம் கைதி. சமைத்துப் போடுவது ஷெரிஃப் மனைவி. அந்தக் கொலாச்சியைத் தட்டில் வைத்துக் கொடுத்தவளே ஓபல்தான்! தொண்ணூறு தாண்டி, முதியோர் இல்லத்தில் இன்னும் சீட்டாட்டத்தில் எல்லாரையும் ஏமாற்றிக்கொண்டிருந்தாள்.

லூவெல்லாவிடம் சொன்னபோது அவள் கையில் இருந்த பின்னல் ஊசி நின்றது.

"ஓபலை இதுக்குள்ள இழுக்காதே, எல்டன்."

"ஏன்? அவ ஒருத்திதான் சாட்சி."

"அதனாலதான் சொல்றேன்."

"உனக்கு நான் ஜெயிக்கிறது பிடிக்கல!"

லூவெல்லா மறுபடி பின்னத் தொடங்கினாள். "பாலம் நிக்கணும் எனக்கு," என்றாள். "அப்புறம் உன் இஷ்டம்."

ஓபலுக்கு நினைவு பிசகவில்லை. "நீ எங்க ஜெயில்ல படுத்தது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, கண்ணு. குறட்டை முன்பக்கம் வரைக்கும் கேட்டுச்சு."

"தேர்தல் கூட்டத்து மேடையில வந்து சொல்வீங்களா?"

"வறுத்த மீன் போடுவாங்களா?"

"போடுவாங்க."

"அப்ப வரேன்."

தேர்தலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. தீயணைப்பு நிலையத்தில் வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு மேசை போட்டு மீன் வறுத்தார்கள். மாவட்டமே திரண்டிருந்தது. லூவெல்லா பரிமாறும் வரிசையில் உருளைக்கிழங்கு வைத்துக்கொண்டிருந்தாள். கர்ட்டிஸ் பேசினான், ரோஜாவைப் பற்றித்தான் மறுபடியும். பிறகு எல்டன் ஓபலின் சக்கர நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு மேடைக்கு வந்தார்.

"ஆதாரம் கேட்டான்ல? இதோ ஆதாரம்! கம்ப்யூட்டர்ல இல்ல, புஸ்தகத்துல இல்ல, வெள்ளம் கொண்டுபோச்சு. ஆனா மனுஷி இருக்கா! ஓபல் அம்மா, அன்னைக்கு ராத்திரி நான் எங்க இருந்தேன்?"

ஓபல் மைக்கைக் கைத்தடி மாதிரிப் பிடித்துக்கொண்டாள். "எங்க ஜெயில்ல."

கூட்டம் ஓவென்று கத்தியது. யாரோ தொப்பியைத் தூக்கி எறிந்தார்கள். டார்லீன் விசிலடித்தாள். எல்டன் இரண்டு கைகளையும் உயர்த்தி நின்றார். விரல் நுனிகளில் மை இன்னும் இருந்தது. கர்ட்டிஸின் முகம் சுண்டிப்போயிற்று.

அவன் சும்மா இருந்திருக்கலாம். "அப்ப பதிவு ஏன் இல்ல?" என்று எழுந்தான். "என்ன குற்றத்துக்குப் பிடிச்சீங்க?"

"குற்றமா?" ஓபல் திரும்பிப் பார்த்தாள். "யாரு பிடிச்சா? லூவெல்லாதான் போன் பண்ணினா. 'காலையில நான் பேங்க் மேனேஜரைப் பாத்து நிலத்துக்குத் தவணை வாங்கணும். இவர் வந்து வாயைத் திறந்தா நிலம் போயிடும். நான் முடிச்சிட்டு வர்ற வரைக்கும் எங்கயாவது வச்சிருங்க'ன்னா. வச்சிருந்தோம். கொலாச்சியும் அவ சுட்டு அனுப்பினதுதான்."

லூவெல்லா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. முகம் மட்டும் சிவந்திருந்தது.

"நாற்பது வருஷமா," என்றார் எல்டன். "ஏன்டி சொல்லல?"

"நீ ரொம்ப சந்தோஷமா இருந்தே, எல்டன்."

அவர் மேடையிலேயே நின்றார். பிறகு தாடையைத் தூக்கினார். அந்த வீம்பு அவரை விட்டு எங்கே போகும்?

"பூட்டின கதவுக்குப் பின்னாடி ஒரு ராத்திரி இருந்தேன்ல? அதையாவது யாரும் இல்லைன்னு சொல்ல முடியுமா?"

"பூட்டா? சும்மா சாத்தி வச்சிருந்தோம், கண்ணு. நீ ஒரு தடவை தள்ளிப் பாத்திருக்கலாம்."

முதலில் சிரித்தது ட்ராவிஸ். பிறகு வடக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள். அப்புறம் ஒருத்தர் பாக்கியில்லை. அந்தச் சிரிப்பின் நடுவில் யாரோ, "அப்ப நிலத்தைக் காப்பாத்தினது லூவெல்லாவா?" என்று கேட்டார்கள். இன்னொருத்தர், "பாலத்துக்கு நிதி இருக்குன்னு கூட்டத்துல சொன்னதும் அவதான்," என்றார். தலைகள் எல்லாம் உருளைக்கிழங்குப் பக்கம் திரும்பின.

எல்டனும் திரும்பினார். ஓபலிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"சிரிச்சது போதும். செவ்வாய்க்கிழமை அந்தக் காலிக் கோட்டுல என் பேரை எழுதாதீங்க. அவ பேரை எழுதுங்க. எவன் எழுதாம இருக்கான்னு நானும் பாக்குறேன்." சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. "அய்யோ, ஊர் முழுக்க அட்டை நட்டு வச்சிருக்கேனே! ராவோட ராவா எப்படி மாத்துறது?"

ஓபல் மீன் துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"எதுக்கு மாத்தணும்? நாற்பது வருஷமா அவளுக்குத்தானே பிரசாரம் பண்ணிட்டிருக்கே. அட்டையில வெறும் ப்ரோகாப்னுதான் போட்டிருக்கு."