தேசி மரத்தில் பதினான்கு பொட்டலங்கள்

ஏழு நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்து நான் விவசாயியானேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். (அதில் முதல் இரண்டு நிமிடம் விளம்பரம்.)

பட்டணத்தில், புளியந்தீவில் பிறந்து கந்தோர் மேசையில் கோப்புகளோடு வளர்ந்தவன் நான். கல்யாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி, மனைவி சுகியின் வீட்டுக்கு, வவுணதீவுக்குக் குடிபோனேன். மாமா நெல் விவசாயி. என்னைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் மண்வெட்டி பிடிக்கும் அழகைப் பார்த்துவிட்டு, அதை மெதுவாக வாங்கி வைத்துவிடுவார். அவ்வளவுதான்.

அந்த வீட்டின் பெருமை கிணற்றடியில் நின்ற தேசி மரம். (எலுமிச்சை என்றாலும் அதுதான்.) மாமியின் சொதியும் ஊறுகாயும், ஏன், அக்கம்பக்கத்துச் சொதிகளும்கூட, அதை நம்பித்தான் இருந்தன. அதன் காய்களை ஒருநாள் கந்தோருக்குக் கொண்டுபோனேன். எல்லோரும் புகழ்ந்தார்கள். மரத்தைப் புகழ்ந்ததை என்னைப் புகழ்ந்ததாக எடுத்துக்கொண்டு, "ஆளுக்கொரு கன்று தாறன்" என்று பதினான்கு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆடி மாதம். சிறுபோக நெல் வெட்டுக்காக மாமா கரடியனாற்றுப் பக்கம் வயலில் வாடிக் குடிசை போட்டுத் தங்கிவிட்டார். நான் கத்தியோடு முற்றத்தில் இறங்கினேன்.

பதியம் வைப்பது சுலபம். கிளையில் மோதிரம்போலப் பட்டையை உரித்து, ஈரத் தென்னந்தும்பும் மண்ணும் பொத்தி, பொலித்தீனால் கட்டிவிட்டால் வேர் வரும். பென்சில் பருமனான கிளை போதும் என்றது வீடியோ. பெரிய கிளையென்றால் பெரிய கன்று வருமே என்றது என் புத்தி. மணிக்கட்டுப் பருமனில் பதினான்கு கிளைகளைத் தேர்ந்து, பட்டையோடு நிற்காமல் உள்மரம் வரை இறங்கினேன். மரத்தில் இருந்ததே ஏறக்குறைய அவ்வளவுதான்.

"மாமா வரட்டும் மனே," என்றார் மாமி. "கச்சான் காத்து அடிக்கிற நேரம். இதெல்லாம் மாரிக்குச் செய்யிற வேலை."

"அது பழைய முறை மாமி," என்றேன். (வீடியோக்காரர் எந்த நாட்டில் இருந்தார் என்று நான் பார்க்கவில்லை.)

வெயிலில் பொட்டலங்கள் காய்ந்தன. ஓட்டை போட்டு நாளுக்கு மூன்று தரம் தண்ணீர் ஊற்றினேன். ஒவ்வொன்றும் தேங்காய் கனத்துக்கு ஊதியது.

பத்தாம் நாள் பின்னேரம் மாமா வந்தார். கால் கழுவப் போனவர் வாளியோடு அப்படியே நின்றார்.

"மரத்துக்கு என்ன வருத்தம்? சேலைன் ஏத்தியிருக்கு?"

"பதியம் மாமா. பதினாலு கன்று வரும்."

"பதினாலா? அப்ப மரத்துக்கு என்ன மிச்சம்?"

பதிலைக் கச்சான் சொன்னது. வயல்வெளியைத் தாண்டி வந்த ஒரே வீச்சில் 'படக்' என்று முதல் கிளை. பிறகு இரண்டாவது. மூன்றாவதும் விழுந்தபோது நான் ஓடிப்போய் நான்காவதைக் கட்டிப்பிடித்தேன். (கட்டிப்பிடித்தால் தேசி முள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை வீடியோ சொல்லவில்லை.)

"விட்டுட்டு வாங்க!" என்று சுகி வாசலில் நின்று கத்தினாள். "பக்கத்து வீட்டாக்கள் பாக்கிறாங்க!"

வெளிச்சம் மங்குமுன் நடுமரமும் ஒரு கொப்பும்தான் மிஞ்சின. மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்தார். மாமா கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார். அன்றைய சொதி சப்பென்று இருந்தது. யாராவது திட்டியிருந்தால் எனக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

கந்தோரில் கன்றுக்குப் பதிலாக, விழுந்த கிளைகளில் பறித்த பிஞ்சுத் தேசிக்காய் ஆளுக்கொரு பை கொடுத்தேன். ஒருவர் அதை உருட்டிப் பார்த்துவிட்டு, "இதை எந்தப் பக்கம் மேல வெச்சு நடுறது?" என்று கேட்டார்.

முறிந்த கிளைகளைப் பால்மா டின்களில் நட்டு, மாரி வரை தண்ணீர் ஊற்றினேன். ஒன்று துளிர்த்தது. ஒரு கிழமை நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தேன். அது குப்பை மண்ணில் கிடந்த பப்பாசி விதை என்று மாமிதான் கண்டுபிடித்தார்.

மொட்டை மரமும் மழையில் துளிர்த்தது. சில வருடங்களில் முன்னைவிட அதிகம் காய்த்தது. "கச்சான் நல்லா வெட்டி விட்டிருக்கு," என்றார் மாமா. பாராட்டிலும் எனக்குப் பங்கில்லை.

இன்றும் கல்யாண வீடுகளில் என்னை அவர் இப்படித்தான் அறிமுகப்படுத்துகிறார்:

"இவர் எங்கட மூத்த மருமகன். கந்தோரில வேலை. பக்கத்தில மரம் ஒண்டும் இல்லையெண்டா, நல்ல மனிசன்."