தரையைத் தொட்ட குற்றம்

மனிதகுலம் தண்ணீருக்குள் சாதித்தவற்றில் தலையாயது ஒத்திசைவு நீச்சலே. இதை நான் சொல்லவில்லை, எங்கள் சங்கத்தின் ஆண்டறிக்கை சொல்கிறது. அதை எழுதியவன் நான். பதினான்கு ஆண்டுகளாகச் செயலாளர். எனக்கு நீச்சல் தெரியாது. தெரிந்தால் நிர்வாகம் கெட்டுவிடும்.

எட்டுப் பெண்கள், ஒரே பாட்டு, ஒரே அசைவு, ஒரே சிரிப்பு. தலைகீழாக நின்று கால்களை மட்டும் வெளியே நீட்டும்போதும் உள்ளே சிரித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது எங்கள் சங்கத்தின் 'தனிச்சிறப்பு'. அதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று கேட்பவர்களுக்குக் கலை தெரியாது.

அணியில் மூத்தவளை நெத்திலி என்று கூப்பிடுவோம். பன்னிரண்டு வயதில் வந்து சேர்ந்தாள். காலையில் குளம், பகலில் மருந்துக்கடை வேலை, மாலையில் மறுபடியும் குளம். முடி கலையாமலிருக்க ஜெலட்டினைக் கரைத்துத் தலையில் பூசுவார்கள். அது வெந்நீரில்தான் போகும். எங்கள் குளியலறையில் வெந்நீர் வராது. ஒன்பது ஆண்டுகளாக அதைப் 'பரிசீலித்து' வருகிறோம்.

இப்போது அவளுக்கு இருபத்தேழு வயது. உலகப் போட்டிக்கு அணியைத் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. "இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான் சார்" என்றாள். நான் நெகிழ்ந்துபோய் அதைக் குறித்துக்கொண்டேன்.

பாட்டு பாதியில் இருக்கும்போது எட்டுப் பேரும் தலைகீழாக உள்ளே போனார்கள். ஆறு பேர்தான் மேலே வந்தார்கள். மூச்சை அடக்கி அடக்கி, அணியின் கடைக்குட்டி உள்ளேயே மயங்கிவிட்டாள். அவள் தரைக்குப் போய்ச் சேருமுன் நெத்திலி பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் தரையில் ஊன்றி, ஒரே உந்தில் மேலே கொண்டுவந்தாள்.

இங்கேதான் அந்த அக்கிரமம் நடந்தது. எங்கள் விளையாட்டில் குளத்தின் தரையைத் தொடக் கூடாது. ஒரு விரல் பட்டாலே புள்ளி போகும். இவள் இரண்டு காலையும் வைத்திருக்கிறாள்.

விசாரணைக் குழு கூடியது.

"தரையில கால் வச்சீங்களா?" என்றார் தலைவர்.

"வச்சேன் சார்."

"தெரிஞ்சேவா?"

"வேற எப்படி சார் அவளத் தூக்குறது? அவளுக்கு மூச்சே இல்ல."

பொருளாளர் விதிப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினார். "மூச்சப் பத்தி இதுல ஒண்ணுமே இல்லையேம்மா."

"தூக்கிட்டு வரும்போது சிரிக்கவும் இல்ல," என்று நான் நினைவூட்டினேன். "வீடியோவுல தெளிவா இருக்கு."

கடைக்குட்டியைக் கூப்பிட்டோம். "அக்கா இல்லைன்னா நான் செத்திருப்பேன் சார்," என்றாள். 'உணர்ச்சிவசப்பட்ட சாட்சியம்' என்று எழுதிக்கொள்ளச் சொன்னார் தலைவர்.

நெத்திலிக்கு இரண்டு ஆண்டுத் தடை விதித்தோம். தரையைத் தொடாமல் நெடுநேரம் நீருக்கடியில் இருந்ததற்காகக் கடைக்குட்டிக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தோம். நீதி என்றால் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும்.

நெத்திலி கையெழுத்துப் போட்டாள். அழுவாள் என்று எதிர்பார்த்தோம், அழவில்லை. எங்களுக்குச் சற்று ஏமாற்றம்தான்.

"ஒண்ணு கேக்கலாமா சார்? உயிர்காப்பாளரோட நாற்காலியில அன்னைக்கு யாரு உக்காந்திருந்தா?"

குழு என்னைப் பார்த்தது. நான் மின்விசிறியைப் பார்த்தேன். உயரமான நாற்காலி அது. அங்கிருந்து குளம் முழுவதும் தெரியும். அதனால்தான் உயிர்காப்பாளரை எழுப்பி, வாசலில் விருந்தினரை வரவேற்க அனுப்பிவிட்டு நான் ஏறி உட்கார்ந்தேன்.

"எட்டுப் பேர் போயி ஆறு பேர்தான் வந்தாங்கன்னு உங்களுக்குத்தான சார் முதல்ல தெரிஞ்சிருக்கும். என்ன பண்ணீங்க?"

இந்தக் கேள்வி நிகழ்ச்சிநிரலில் இல்லாததால் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தோம். ஆனால் ஆண்டறிக்கையில் ஒளிவுமறைவு கிடையாது. இரண்டு பேர் மேலே வராததைப் புதிய உத்தி என்று நினைத்து, அவள் அந்தப் பெண்ணைக் கரையில் கிடத்தி வாயில் ஊதத் தொடங்கும்வரை நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். அதை 'நிர்வாகத்தின் இடைவிடாத ஆதரவு' என்ற தலைப்பில் சேர்த்திருக்கிறேன்.