சுருள்முடித் தோஷம்

உலகத்தில் நடந்த எல்லாப் போருக்கும், எல்லாப் பஞ்சத்துக்கும், ஸ்காபரோவில் வீட்டு விலை விழுந்ததற்கும் சுருள்முடிதான் காரணம். இதைக் கண்டுபிடித்தவர் சாதாரண ஆளல்ல, நேர்கேசானந்த சுவாமிகள். குதிக்கால்வரை தொங்கும் நேரான கூந்தலோடு சொன்னார். அவ்வளவு நீளமான முடியுள்ளவர் பொய் சொல்வாரா?

டோர்செட் பார்க்கில் ஒரு பலசரக்குக் கடையின் நிலவறைதான் அவருடைய ஆச்சிரமம். சனிக்கிழமைகளில் படிக்கட்டில் தொடங்கும் வரிசை பஸ் தரிப்பிடம்வரை நீளும். முடி சுருண்டவர்கள் அது நிமிர வேண்டுமென்று வந்தார்கள். நிமிர்ந்தவர்கள் அது சுருளக்கூடாதென்று வந்தார்கள். இராஜரட்ணம் அண்ணைக்குத் தலையில் ஒரு மயிர் கிடையாது. அவர் முன்னெச்சரிக்கையாக வந்தார். முளைத்தால் நேராக முளைக்க வேண்டாமா?

வரிசையில் நிலக்சியும் நின்றாள். நிறுத்தப்பட்டிருந்தாள் என்பதே சரி. அவள் கையைப் பெரியம்மா மங்கையற்கரசி இறுகப் பிடித்திருந்தார். நிலக்சியின் தகப்பன் குலசிங்கம் கொக்குவில், தாய் மார்வா ஜமெய்க்கா. மூக்கைத் தகப்பனிடமும் முடியைத் தாயிடமும் வாங்கிக்கொண்டு பிறந்தவள். கறுத்து அடர்ந்து, சின்னச் சின்ன ஸ்பிரிங்குகளாகச் சுருண்டு, தலையைச் சுற்றி ஒரு மழைமேகம் நிற்கும்.

பெரியம்மாவின் மகன் பிரவீனனுக்கு அடுத்த மாதம் கலியாணம். அவனுக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லாததால் மணவறையில் பக்கத்தில் நிற்கும் தோழி நிலக்சிதான். சேலைகூட எடுத்தாகிவிட்டது. தினமும் அதை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டுத்தான் அவள் பள்ளிக்கூடம் போவாள். பெரியம்மாவின் கவலை சேலையல்ல, வீடியோ.

"கசெற் லண்டனுக்குப் போகும், பாரிசுக்குப் போகும். ஆக்கள் தாலியைப் பாப்பினமோ, உன்ர தலையைப் பாப்பினமோ?"

முடி நிமிராவிட்டால் மணவறையில் வேறு தோழி நிற்பாள். தீர்ப்பு முடிந்தது.

மார்வா இதைக் கேட்டுப் பல்லைக் கடித்தாள். மகள் அந்தச் சேலையில் வைத்த ஆசைக்காகத்தான் தடுக்கவில்லை. அவளும் ஒரு காலத்தில் கிறீம் பூசிப் பூசி முடியை நிமிர்த்தியவள்தான். தலைத்தோல் வெந்து புண்ணானபோது, ஒருநாள் எல்லாவற்றையும் ஒட்ட வெட்டி எறிந்துவிட்டுத் தன் சொந்த முடியை வளர்க்கத் தொடங்கினாள். இப்போது ஞாயிறு காலைகளில் தாயும் மகளும் தண்ணீர் தெளித்து, ஷியாக் கொட்டையின் வெண்ணெய் தடவி, அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து மெல்லச் சிக்கெடுத்துப் பின்னுவார்கள். ஒரு முழுநீளத் தமிழ்ப்படம் ஓடி முடியும் நேரம் எடுக்கும். தோஷம் எதுவும் அந்தப் பக்கம் வந்ததாகத் தகவல் இல்லை.

நிலவறைக்குள் சாம்பிராணிப் புகையில் சுவாமிகள் நிலக்சியின் தலையைப் பார்த்தார். இதற்கு எண்ணெய் பூசுவதும் சீவிச் சீராட்டுவதும் பாம்புக்குப் பால் வார்ப்பதுபோல என்றார். சனம் சிரித்தது. முடியில்லாத இராஜரட்ணம் அண்ணைதான் அதிகம் சிரித்தார்.

பிறகு வெள்ளிச் செம்பைத் திறந்தார். உள்ளே வெள்ளைக் களிம்பு. சாம்பிராணியைக் கிழித்துக்கொண்டு ஒரு நெடி வந்து நிலக்சியின் மூக்கைச் சுட்டது. பழைய நெடி. அம்மா முடியை வெட்டி எறிவதற்கு முன் அவர்கள் வீட்டுக் குளியலறையில் வீசிய அதே நெடி.

"சுவாமி, முடியை நிமித்திறது களிம்போ, மந்திரமோ?"

"மந்திரம்தான் பிள்ளை. களிம்பு வெறும் வாகனம். முருகனுக்கு மயில் மாதிரி."

"அப்ப ஒருக்கா மயில் இல்லாமல் வரச் சொல்லுங்கோ."

சுவாமிகள் முறைத்தார். ஆனால் சனத்துக்கு ஆசை வந்துவிட்டது. மந்திரத்தின் மகிமையை இந்தப் பெட்டைக்குக் காட்டவேண்டுமென்று இராஜரட்ணம் அண்ணையே முன்னுக்கு வந்தார். நிலக்சி பையிலிருந்த சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்து இரண்டு தட்டுகளில் வைத்தாள்.

முதல் தட்டுக்கு மந்திரம் மட்டும். சுவாமிகள் வேர்த்து விறுவிறுக்க ஓதினார். முடி அசையவில்லை. கேட்டுக் கேட்டு இன்னும் கொஞ்சம் சுருண்டதுபோலக்கூட இருந்தது. மண்டபத்தில் யாரோ அசைவம் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள் என்றார் சுவாமிகள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லோரும் சாப்பிட்டிருந்தார்கள்.

இரண்டாவது தட்டில் நிலக்சி ஒரு குச்சியால் களிம்பைத் தடவினாள். கண்ணை மூடினாள்.

"கென்னடி, வார்டன், விக்டோரியா பார்க், மெயின் ஸ்ட்ரீட், வுட்பைன், கொக்ஸ்வெல்…"

பக்தகோடிகள் கைகூப்பினார்கள். கடைசி நிலையம்வரை போய், அதே வழியால் திரும்பியும் வந்து சேர்ந்தாள். களிம்பைத் துடைத்துக் காட்டினாள். முடி சேமியாபோல நிமிர்ந்து கிடந்தது.

இராஜரட்ணம் அண்ணை சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார்.

"பிள்ளை, உந்த மந்திரத்தை ஒருக்கா ஆறுதலாச் சொல்லும், நான் எழுதவேணும்."

"அங்கிள், அது சப்வே ஸ்ரேசன்களின்ர பேர். நீங்கள் ஒவ்வொருநாளும் வேலைக்குப் போற சப்வே."

களிம்பு கடையில் விற்கிற கிறீம் என்றும், அம்மாவின் தலையை வேகவைத்தது இதுதான் என்றும் அவள் சொன்னாள். பெரியம்மா செம்பைத் தூக்கிக் கவிழ்த்தார். உள்ளே சொருகியிருந்த பிளாஸ்ரிக் டப்பா, கடை ஒட்டிய விலைத்துண்டோடு விழுந்து உருண்டது. சுவாமிகள் தியானத்துக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்தார். நேரான கூந்தலுக்கு ஒரு குறை உண்டு: யாராவது மிதிக்கலாம். இராஜரட்ணம் அண்ணை மிதித்தார். கூந்தல் அவர் காலடியில் நின்றுவிட்டது. சுவாமிகள் மட்டும் படியேறினார். அவர் தலையில் குட்டைச் சுருள்கள், நிலக்சியின் முடிக்கு ஒன்றுவிட்ட தம்பிபோல.

பஸ்ஸில் பெரியம்மா ஒரு விரலால் நிலக்சியின் சுருளொன்றை இழுத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"பூவை எங்க குத்திறது?"

"எங்க குத்தினாலும் நிக்கும் பெரியம்மா. உங்கட தலையில மாதிரி வழுக்காது."

கலியாணத்துக்கு முதல்நாள் முடி பின்ன, எக்லின்டன் வெஸ்டில் உள்ள ஜமெய்க்காக்காரரின் சிகை நிலையத்துக்கு மார்வா மகளைக் கூட்டிப்போனாள். மூலைக் கதிரையில் ஒருவர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். முடிக்காரி அவரைக் கிளிபோட் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தலையை ஆட்டவேண்டாம் என்று அதட்டினாள். பேப்பர் மெல்ல இறங்கியது. நேர்கேசானந்தர்தான்.

நிலக்சி அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் தன் கதிரையில் ஏறி இருந்தாள். சொல்ல வேண்டியது அவருக்கல்ல. தலைக்கு மேலே முளைப்பதைப் பற்றி வரிசையில் நின்று கவலைப்பட்ட சனம், தலைக்குள்ளே இருப்பதையும் ஒருக்காத் தட்டிப் பார்க்கலாம். அதற்குக் களிம்பும் தேவையில்லை.

சுவாமிகள் அக்கம்பக்கம் பார்த்தார். பிறகு ஷியா வெண்ணெயில் இரண்டு விரலைத் தோய்த்து, தன் சுருள்களை நுனியிலிருந்து ஒவ்வொன்றாக, ஒரு குழந்தையைத் தடவுவதுபோலத் தடவத் தொடங்கினார்.