மதர்போர்டும் மாமனாரின் சிரிப்பும்

வீட்டுக்கு ஒரு 'கம்ப்யூட்டர் மாப்பிள்ளை' வாய்த்துவிட்டால் அந்த வீட்டில் எந்தக் கம்ப்யூட்டரும் உருப்படாது. இதை நான் தாராளமாகச் சொல்லலாம், ஏனென்றால் அந்த மாப்பிள்ளை நான்தான். மலேசியாவின் ஜொகூர் பாருவில், ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுக்கத் தெரியும். (பெண் பார்க்கப் போனபோது கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டேன்.)

மனைவியின் ஊரான லாயாங் லாயாங்கில் மாமனார் இறந்துபோனார். மறுநாள் காலை அடக்கம். சவப்பெட்டிக்கு முன்னால் வைக்க வேண்டிய படத்தை அவரே தேர்ந்தெடுத்திருந்தார். ரம்புத்தான் மரத்தடியில், பல்செட் போடாமல், வாய் நிறையச் சிரிப்பு. "நான் போனா இதத்தான் வைக்கணும். அழுமூஞ்சிப் படத்த வச்சீங்க, எழுந்து வந்துருவேன்" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார். படம் அவருடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது.

"என்னங்க, அப்பா படத்த எடுத்துக் குடுங்க," என்றாள் மனைவி ஸ்டெல்லா. அழுது அழுது குரலே போயிருந்தது.

கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். கொஞ்சம் திணறியது. திரை ஓரத்தில் ஓர் அறிவிப்பு: மதர்போர்டின் அடிப்படை மென்பொருள் பழையது, புதுப்பிக்கலாமா? புத்தியுள்ளவன் வேண்டாம் என்று சொல்லியிருப்பான். ஆனால் பின்னால் ஸ்டெல்லாவின் அண்ணன் சேவியர் நின்று பார்த்துக்கொண்டிருந்தாரே! "இதான் மச்சான் பிரச்சினை," என்று அழுத்திவிட்டேன். 'முடியும்வரை மின்சாரத்தை நிறுத்தாதீர்கள்' என்று கொட்டை எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அதைச் சேவியருக்குச் சத்தமாக வாசித்தும் காட்டினேன்.

அப்போதுதான் சாயங்கால மழைக்கான முதல் இடி இடித்தது.

நான் வளர்ந்த ரெங்கம் வீட்டில் இடி இடித்தால் அம்மா முதலில் போடும் சத்தம், "பிளக்க புடுங்கு!" என்பதுதான். பிள்ளைகள் எங்கே என்று பார்ப்பதெல்லாம் அப்புறம். அந்த வளர்ப்பு எங்கே போகும்? கை தானாகப் போய் பிளக்கைப் பிடுங்கிவிட்டது.

"அலமாக்! என்ன மச்சான் செஞ்சீங்க?" என்று அலறினார் சேவியர்.

"இடி..." என்றேன்.

மறுபடி சொருகினேன். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே கிடந்தது. கூடத்தில் ஒரு சாவு, அறையில் இன்னொன்று.

ஸ்டெல்லாவின் லேப்டாப்பில் தேடியதில் ஒரு வழி தெரிந்தது. மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு, மதர்போர்டின் பின்பக்கப் பொத்தானை அழுத்தினால் விளக்கு சிமிட்டிச் சிமிட்டித் தானே எழுதிக்கொள்ளுமாம். கோப்பின் பெயர் மட்டும் சொன்னபடியே இருக்க வேண்டும். அழுத்தினேன். விளக்கு கொஞ்சம் சிமிட்டிவிட்டு நின்றுபோனது. திரும்பத் திரும்ப அதே கதை. துக்கம் கேட்க வந்த ஓர் அம்மா கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம்லா மருமகன், தனியா உக்காந்து அழுவுறாரு," என்றார். அழுதது உண்மைதான். ஆனால் மாமனாருக்காக அழவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் கேவலமாக இருக்கிறது.

காலையில் ஸ்டெல்லா வாசலில் வந்து நின்றாள்.

"படம்?"

"இப்ப வந்துரும்."

பிரித்துப் போட்ட கம்ப்யூட்டரைப் பார்த்தாள். திரும்பிப் போய் அண்ணனைக் கூப்பிட்டாள். சேவியர் அப்பாவின் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு குளுவாங் டவுனில் இருக்கும் போட்டோ கடைக்கு வண்டியை விரட்டினார். போலீஸ் பிடித்துவந்த ஆளைப்போல முறைக்கும் அந்த முகம் பெரிதாகி, சட்டத்துக்குள் வந்தது.

அதற்குப் பிறகுதான் என் மண்டையில் உறைத்தது. கோப்பின் பெயருக்கு ஏற்கெனவே ஒரு வால், புள்ளி வைத்து மூன்று எழுத்து, இருந்திருக்கிறது. அதை லேப்டாப் மறைத்துவைக்க, நான் இன்னொரு வாலை ஒட்டியிருக்கிறேன். திருத்தினேன். விளக்கு நிற்காமல் சிமிட்டி, வேலையை முடித்து அணைந்தது. திரை உயிர் பெற்றது. வெளியே பெட்டியை மூடும் பாட்டு கேட்டது. இங்கே மாமனார் பல்லில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருக்காக அழுதேன்.

அடக்கம் முடிந்து திரும்பும்போது சேவியர் கேட்டார்: "டிஸ்க்க மட்டும் கழட்டி வேற கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்கலாமே மச்சான்?"

மாட்டியிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.

கல்லறைக்கும் கடைசியில் அந்த அடையாள அட்டைப் படமே போனது. மாற்றிவிடலாம் என்று நான் கெஞ்சியும் மாமியார் விடவில்லை. ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் ஜெபம் முடிந்ததும் என்னைக் கூப்பிடுவார்: "மாப்ள, கொஞ்சம் முன்னால வந்து நில்லுங்க. யார மொறைக்கிறதுன்னு தெரியாம தவிக்கிறாரு பாருங்க."

எல்லாரும் சிரிப்பார்கள், நானும்தான். ஸ்டெல்லா மட்டும் இன்னும் சிரித்ததில்லை.